கொண்டல் அடிக்கும் கரை

குவாதலூப் தீவுக்குப் போவது என்று வீட்டில் முடிவானதும், எந்த மாதம் போகலாம் என்று காலண்டரைப் புரட்ட ஆரம்பித்தேன். "மாதம் கிடக்கட்டும். எந்தக் கரையில் தங்கப் போகிறாய், அதை முதலில் சொல்" என்றாள் என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தோழி. அவள் அந்தத் தீவுக்காரி. கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற கிழக்குக் கரை ஊரில் பிறந்து, பாரிஸுக்கு வேலைக்கு வந்தவள். நகரின் வடக்குப் புறநகரில் ஒரே வார்டில் இரவு டூட்டி பார்த்துப் பார்த்து நெருக்கமானோம். அவளுடைய குடும்பப் பெயர், பிரெஞ்சு எழுத்தில் உருமாறிப்போன ஒரு தமிழ்ப் பெயர். எனக்குச் சொந்த ஊர் காரைக்கால் என்று தெரிந்த அன்றைக்கே, "எங்கள் ஆட்கள் கப்பலேறிய பக்கமல்லவா அது" என்றாள். பிள்ளைகளுக்குக் கடற்கரை வேண்டும். எனக்கு அவளுடைய ஊரைப் பார்க்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டும் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் கரையைக் கேட்டதற்குக் காரணம் ஒரு பாசி. சர்காசம் என்று பெயர். அதில் பல இனங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் பாறையைப் பற்றி வளரும் சர்காசத்தை மண்டபம் பக்கத்து மக்கள் பறித்துக் காயவைத்து, ஆல்ஜினேட் எடுக்கும் ஆலைகளுக்கு விற்கிறார்கள். அட்லாண்டிக்கில் மிதக்கும் இரண்டு இனங்களுக்கோ பாறை வேண்டாம், தரையும் வேண்டாம். இலைகளுக்கு நடுவே மிளகுப் பருமனில் காற்றுக் குமிழ்கள். அவை பாசியை நீர்மட்டத்திலேயே தூக்கிப் பிடிக்கின்றன. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக வளர்ந்து பெருகும். 1492-ல் கொலம்பஸின் மாலுமிகள் நடுக்கடலில் இந்தப் பாசித் திட்டுகளைக் கண்டு, நிலம் நெருங்கிவிட்டது என்று நம்பினார்கள். நிலம் நெருங்கவில்லை. அவர்கள் இருந்தது சர்காசோ கடலில். நான்கு பக்கமும் நீரோட்டங்களையே எல்லையாகக் கொண்ட, கரையே இல்லாத கடல் அது. அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் பாசி பெரும்பாலும் அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கரீபியக் கரைகளில் அவ்வப்போது கொஞ்சம் ஒதுங்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

2011-ல் கதை மாறியது. அந்த வருஷம் தீவுக்குத் தீவு பாசி குவியல் குவியலாக வந்து ஏறியது. 2009-10 குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கின் காற்று வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி, சர்காசோ கடலின் பாசியில் ஒரு பகுதியைத் தெற்கே வெப்பமண்டலக் கடலுக்குத் தள்ளிவிட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். அங்கே வருஷம் முழுக்க வெயில். ஆழத்திலிருந்து மேலே எழும் நீரில் உரச்சத்து உண்டு. அமேசான், காங்கோ ஆறுகளும் சகாராவின் தூசியும் கொண்டுவருவதும் உண்டு. இவற்றில் எதன் பங்கு பெரியது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பாசிக்கு அந்தக் கவலை இல்லை, பெருகியது. தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்து 2019-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2018 ஜூனில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2 கோடி டன்னுக்கு மேல் பாசி மிதந்தது என்பது அவர்கள் கணக்கு.

பிரான்சில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வருஷத்தில் ஐந்து விடுமுறைதான். ஒரு தாளை எடுத்து ஐந்தையும் வரிசையாக எழுதினேன். எதிரே மூன்று பத்தி: பாசி, புயல், டிக்கெட். அக்டோபர் கடைசியில் வரும் துசேன் விடுமுறையில் பாசி தணிந்திருக்கும். ஆனால் மழைக்காலம், புயல் பருவமும் நவம்பர் 30 வரை ஓயாது. 2017 செப்டம்பரில் மரியா புயல் பக்கத்துத் தீவான டொமினிக்காவைச் சிதைத்துவிட்டுக் குவாதலூப்பையும் உலுக்கிப் போனபோது, தோழி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே கழித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கடல் சுத்தமாக இருக்கும். விமான டிக்கெட் எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. பிப்ரவரிதான் எல்லா வகையிலும் உத்தமம்: வறண்ட பருவம், பாசி பொதுவாகக் குறைவு, புயல் கிடையாது. ஏப்ரலில் பாசி வரத்துக் கூட ஆரம்பிக்கும். ஜூலை, ஆகஸ்டில் வந்து குவியும், போதாக்குறைக்குப் புயல் பருவமும் தொடங்கியிருக்கும். தாளில் பார்த்தால் பிப்ரவரிக்குப் போட்டியே இல்லை.

ஆனால் போக முடிந்தது ஜூலையில்தான். கடல் கடந்த மாவட்டங்களைச் சேர்ந்த அரசு ஊழியர்களுக்கு, சொந்த ஊர் போய்வரப் பயணச் செலவோடு ஒரு விடுப்பு பிரான்சில் உண்டு. 2020-ல் மாற்றிய விதிப்படி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 31 நாள். தோழியின் முறை 2022 ஜூலையில் வந்தது. "நான் இருக்கும்போது வந்தால்தான் என் அம்மாவோடு உட்கார்ந்து பேச முடியும். அவர் பேசுவது முக்கால்வாசி கிரெயோல்" என்றாள். என் வீட்டுக்காரருக்கும் பிப்ரவரி விடுப்பு கிடைப்பதாக இல்லை. மாதம் எங்கள் கையை விட்டுப் போனது. மிச்சமிருந்தது கரை ஒன்றுதான்.

ஓய்வறையில் காபிக் கோப்பையை நகர்த்திவைத்துவிட்டு, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தீவை வரைந்து காட்டினாள். குவாதலூப் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி வடிவம். கிழக்கு இறக்கை கிராண்ட்-தேர்: தட்டையான சுண்ணாம்புத் தரை, வெண்மணல் கரைகள், ஓட்டல்கள் எல்லாம் அங்கே. மேற்கு இறக்கை பாஸ்-தேர்: எரிமலை, காடு. லா சூஃப்ரியேர் சிகரம் 1,467 மீட்டர். படத்தின் வலது ஓரத்தில் நீளமாக ஓர் அம்பு போட்டாள். அந்தக் கடலில் காற்று அநேகமாக வருஷம் முழுவதும் கிழக்கிலிருந்துதான் வரும். காரைக்கால் மீனவர்கள் கொண்டல் என்றும் வாடைக்கொண்டல் என்றும் சொல்கிற திசைகள். பாசி அந்தக் காற்றோடும் நீரோட்டத்தோடும் வருவதால் கிழக்கைப் பார்த்த கரைகள்தான் முதலில் அகப்படும்: லெ மூல், சேன்-பிரான்சுவா, லா தெசிராத் தீவு, மரி-கலாந்தின் கிழக்குப் பக்கம், பாஸ்-தேரில் பெத்தி-பூர், குவாயாவ், கப்பெஸ்தேர். தெற்கைப் பார்த்த சாந்த்-ஆன் போன்ற இடங்களும் தப்புவதில்லை. பாஸ்-தேரின் மேற்குக் கரைக்கோ மலையே மறைப்பு. தெயே, புயாந்த், மலாந்தூர் என்று அவள் எழுதி வட்டமிட்ட பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தவை.

இந்தப் பாடம் குவாதலூப்புக்கு மட்டுமானதில்லை என்பது பிறகு வரைபடங்களைப் பார்த்தபோது புரிந்தது. பார்படோஸில் கிழக்கே பாத்ஷீபா பாசி வாங்கும்போது மேற்கே ஹோல்டவுன் தெளிவாக இருக்கும். மெக்சிகோவில் துலூம், பிளாயா தெல் கார்மென் கரைகள் மூச்சுத் திணறும் நாள்களில் எதிரே இருக்கும் கொசுமெல் தீவின் மேற்குக் கரையில் ஜனங்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள். ஜமைக்காவில் நெக்ரில், கிரெனடாவில் கிராண்ட் ஆன்ஸ், அரூபாவில் ஈகிள் பீச் எல்லாம் மேற்கைப் பார்த்தவை. காற்று திசை மாறும் நாளில் இந்தக் கணக்கும் பிசகும். என்றாலும் கரீபியன் போகிற யாரும் வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டலின் நட்சத்திரங்களை அல்ல, அதன் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத்தான்.

அதற்குப் பிறகு இரவு டூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் நான் பாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் அறிக்கை மாதத்துக்கு ஒன்று வரும். எந்தக் கடற்பகுதியில் எவ்வளவு மிதக்கிறது, போன வருஷங்களோடு ஒப்பிட்டால் எப்படி, அடுத்த மாதம் கூடுமா குறையுமா என்பது அதில் இருக்கும். பெரிய படத்துக்கு அது போதும். குறிப்பிட்ட ஒரு கரைக்கு மெத்தியோ-பிரான்சின் அறிக்கை. அந்த வானிலை நிறுவனம் 2019 முதல் மழை, புயல் போலவே பாசிக்கும் முன்னறிவிப்புத் தருகிறது. கரைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வண்ணமிட்டு, அடுத்த சில நாள்களுக்கான ஆபத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் கண் செயற்கைக்கோள்தான். மேகம் மூடினால் கண் தெரியாது. கரைக்கு மிக அருகே வந்துவிட்ட பாசியையும் அது சரியாகப் பிரித்துப் பார்க்காது. அதனால் நாலு மாதம் முன்னால் ஒரு கரையை நம்பிப் பணம் கட்டுவது சூதாட்டம் என்று தோன்றியது.

ஓட்டல் விளம்பரங்களில் போட்டிருந்த படங்களுக்குத் தேதி கிடையாது. எல்லாப் படத்திலும் ஒரே நீலம், ஒரே வெண்மணல், சாய்ந்த ஒரே தென்னை. அது ஜனவரியா ஜூலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாந்த்-ஆனில் கடலோரமாக, எல்லாச் சாப்பாடும் சேர்த்து ஒரு இடம் மலிவாக வந்தது. என் வீட்டுக்காரருக்கு அதில் ஆசை. ஒரே கரையில் நம்மைக் கட்டிப்போடும் இடம் வேண்டாம் என்றேன் நான். தெயேயில், கடலிலிருந்து சற்று ஏற்றத்தில், சமையலறையோடு ஒரு சிறு வீடு எடுத்தோம். கடைசி வாரம் வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனை இருந்தது. வாடகைக் கார் ஒன்றும் பேசிவைத்தோம். பாசிக் காலத்தில் கார் ஆடம்பரம் இல்லை; கடல் இன்றைக்கு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போக வேறு வழி கிடையாது. ஜூன் மாத அறிக்கை வந்தபோது அட்லாண்டிக்கில் 2.4 கோடி டன், அதுவரை அளந்ததிலேயே அதிகம் என்று போட்டிருந்தது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம் கடலுக்குப் போகிறோமா, பாசிக்குப் போகிறோமா?" என்றாள்.

திட்டம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். தெயேயின் கிராண்ட் ஆன்ஸ் கரையில் பொன்னிற மணல், பின்னால் மலைச்சரிவு, முன்னால் தெளிந்த நீர். ஓரத்தில் காய்ந்த பாசி அங்கொரு கொத்து இங்கொரு கொத்து, அவ்வளவுதான். மலாந்தூரின் கறுப்பு மணலில் இறங்கி, முகமூடி மாட்டிக்கொண்டு நீந்திய பிள்ளைகள் கடற்புல் மேயும் ஆமைகளைப் பார்த்துவிட்டு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். பாசியைப் பற்றி நான் மாதக்கணக்கில் செய்த ஆராய்ச்சி அவர்களுக்கு வீண் கவலையாகத் தெரிந்திருக்கும். தெரியட்டும். நல்ல திட்டத்துக்கு அதுதானே அடையாளம்?

பாசியை முதலில் நாங்கள் பார்த்தது கடல் நடுவில். த்ருவா-ரிவியேரிலிருந்து லே சாந்த் தீவுகளுக்குப் படகில் போகும்போது கால்வாயில் அலைக்கு நடுவே நீண்ட வரிசைகளாக மிதந்துகொண்டிருந்தது. வெயில் பட்டுத் தேன் நிறத்தில் மின்னியது. நாற்றம் துளிகூட இல்லை. படகுப் பணியாளர் ஒருவர் கயிறு கட்டிய வாளியால் ஒரு கொத்தை அள்ளி, பிள்ளைகள் முன் உதறிக் காட்டினார். நகத்தளவு நண்டுகள், கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள் வாளி அடியில் ஓடின. பாசியின் நிறமும் வடிவமுமாகவே உடம்பை மாற்றிக்கொண்டு அதற்குள் ஒளிந்து வேட்டையாடும் மீனும் உண்டு, பொரித்து வெளிவந்த ஆமைக் குஞ்சுகள் அதில்தான் மறைந்து வளரும், அடியில் தொராத் மீன் கூட்டம் சுற்றும் என்று சொல்லிக்கொண்டே போனார். இயந்திரத்தின் நீர்க்குழாயில் அடைத்துக்கொள்ளும் நாளில் இதே பாசியை வாய் வந்தபடி திட்டுவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். கடலில் இருக்கும்வரை அது ஒரு காடு. கெடுதல் எல்லாம் அது கரை தொட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்த ஆரம்பத்தைக் கப்பெஸ்தேரில் பார்த்தோம். மலையைக் குறுக்கே கடக்கும் திரவெர்சே சாலையில் காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் பெத்தி-பூரில் இறங்கித் தெற்கே திரும்பினால் வாழைத் தோட்டங்கள். அழகான பயணம். கடலை நெருங்கியதும் காரின் குளிர்சாதனத்தையும் மீறி அழுகிய முட்டை நாற்றம் உள்ளே வந்தது. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டான். ரோசோ கரையில் மணல் தெரியவில்லை. முழங்கால் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கு மேலும், மேலே காய்ந்து கறுத்து உள்ளே கூழாகிவிட்ட பாசி. அதைத் தாண்டித் தண்ணீரும் பழுப்பு. அந்தக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. ஒருமுறை வந்து ஒதுங்கியதை அலை திரும்ப எடுத்துக்கொண்டு போவது அரிது. ஒரு மண்வாரி எந்திரம் அள்ளி லாரியில் போட்டுக்கொண்டிருந்தது. பாசியோடு மணலும் போகும், ஆமை முட்டையிட்ட குழிகள் சக்கரத்தில் நசுங்கும், அள்ளாமல் விட்டால் ஊரில் இருக்க முடியாது. அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவதும் எளிதில்லை: இந்தப் பாசியில் ஆர்செனிக் அதிகம். சும்மா வயலுக்கு உரமாகப் போட்டுவிட முடியாது.

கரையேறிய பாசி ஏறக்குறைய 48 மணி நேரத்தில் அழுக ஆரம்பித்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் அம்மோனியாவையும் வெளியிடும். ஆஸ்பத்திரிக்காரி என்பதால் இந்தப் பகுதியை நான் முன்பே படித்திருந்தேன். காற்றில் அந்த வாயு 1 பிபிஎம் தாண்டினால் குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் விலகி இருக்க வேண்டும். 5 தாண்டினால் பாதுகாப்புக் கருவியோடு வரும் பணியாளர்களைத் தவிர யாரும் நெருங்கக் கூடாது என்பது பிரெஞ்சு பொதுச் சுகாதார அறிவுரை. கரையோரம் அளவு கருவிகள் வைத்து குவாத்ஏர் என்ற அமைப்பு கண்காணிக்கிறது. 2018-ல் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் சேர்த்து 11,000-க்கும் மேற்பட்ட பாதிப்புகள் மருத்துவர்களிடம் பதிவானதாக மார்த்தினிக் மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், மூச்சிரைப்பு. இத்தனையும் படித்திருந்தும், தோழியின் அம்மா வீட்டு வாசலில் இறங்கியபோது, ஒருநாள் வந்துபோகிறவளின் மூக்கோடுதான் இறங்கினேன்.

வீட்டில் கடல் பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் இடுக்குகளை ஒட்டும் நாடாவால் அடைத்திருந்தார்கள். அந்த அறைக் குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய்கள் அரித்து ஓட்டையாகிவிட்டன. அதற்கு முந்தைய கோடையில் போனது டிவி. பூஜை மாடத்தில் வெள்ளிக் கிண்ணம் கரி பூசினாற்போல் இருந்தது. "தேய்த்தால் பளபளக்கும், ஞாயிற்றுக்கிழமை தேய்த்தால் புதன்கிழமை கறுக்கும்" என்றார் அம்மாள். என்னை "மகளே" என்றுதான் கூப்பிட்டார். ஆட்டிறைச்சி போட்ட கொலொம்போ பரிமாறினார். மஞ்சளும் கொத்தமல்லியும் கடுகும் மணக்கும் நம் குழம்புதான், புளி மட்டும் இல்லை. "உல்லாசப் பயணிகள் கடலைப் பார்த்துப் படுக்கக் காசு கொடுக்கிறார்கள். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறோம்" என்று சொல்லிச் சிரித்தார். தோழி சிரிக்கவில்லை. அம்மாவைக் கொஞ்ச காலம் பாரிஸுக்கு அழைத்துப்போக அவள் எத்தனையோ முறை கேட்டும் அவர் அசையவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மாலையில் ஷாஞ்சி கோயிலுக்குப் போனோம். நெடுஞ்சாலையோரம் வண்ண வண்ணச் சுதை உருவங்களோடு நிற்கிற கோயில். மாரியம்மனும் மதுரைவீரனும் அந்தத் தீவின் தமிழ் வழிபாட்டில் இன்றும் இருக்கிறார்கள். நாகூர் மீரானும் இருக்கிறார். அவருக்காகக் கொடிமரம் நட்டுக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது அவருடைய நாகூர் தர்கா. கப்பலில் போகிறவர்கள் வேண்டிக்கொள்ளும் சாமி வேறு யார்? 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பலில் முதல் கூட்டம் குவாதலூப்பில் வந்திறங்கியது. 1889 வரை சுமார் 42,000 பேர், பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் வழியாக. அடிமை முறை 1848-ல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, நம் ஆட்கள் கையொப்பமிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு 1904-ல் வழக்காடத் தொடங்கிய ஆன்ரி சிதம்பரம் இந்தக் கப்பெஸ்தேர்க்காரர்தான். 1923-ல்தான் அது கிடைத்தது.

ஏன் இந்தக் கரை? கோயில் வாசலில் நின்று மலையைப் பார்த்தபோது, தோழி மருந்துச் சீட்டில் போட்ட அந்த அம்பு ஞாபகத்துக்கு வந்தது. கிழக்கிலிருந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து எரிமலையில் மோதி இந்தப் பக்கத்தில் கொட்டுகிறது. கார்பே அருவிகள் இந்த ஊருக்கு மேலேதான் விழுகின்றன. மழையும் எரிமலை மண்ணும் சேர்ந்ததால் கரும்பு, பிறகு வாழை. தோட்டம் இருந்த இடத்துக்கு ஆள் வந்தார்கள். அவர்களைச் சுமந்த பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அட்லாண்டிக்கில் ஏறியதும் இதே கீழைக்காற்றின் பலத்தில்தான். கொலம்பஸும் 1493-ல் அந்தக் காற்றோடு வந்துதான் இந்த ஊரின் சாந்த்-மரி பகுதியில் இறங்கினார். அங்கே அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. மழையைத் தந்தது, கரும்பைத் தந்தது, ஆளைக் கொண்டுவந்தது, இப்போது பாசியைக் கொண்டுவருகிறது, எல்லாம் ஒரே காற்று. வாழைக்கு அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்தைப் பிரான்ஸ் 1990-ல் தடை செய்தும், இந்தத் தீவுகளில் 1993 வரை விலக்குக் கொடுத்து அடிக்கவிட்டதால் மண்ணிலும் ஆற்றிலும் விஷம் ஊறியிருக்கிறது. அந்தப் பக்கத்து மக்களுக்கு மண் ஏற்கனவே கெட்டிருந்தது. பாசி வந்து காற்றையும் கெடுத்தது.

பாசிக்கு ஒதுங்கி நான் போட்ட திட்டம் அந்தத் தீவைச் சரி பாதியாகப் பிரித்தது. எந்தக் கரைகளைச் சிவப்பில் அடித்து ஒதுக்கினேனோ அங்கேதான் என் ஊர்ப் பெயர் தெரிந்தவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அது என் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற எவரும் அப்படித்தான் திட்டம் போடுவார்கள், போட வேண்டும். ஆனால் கரையைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பெட்டியோடு வருகிறவனுக்குத்தான் இருக்கிறது. வந்தவர்கள் மேற்கே போய்விட்டதால் கிழக்கே சாப்பாட்டுக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. கடை மூடினால் பாசியை விரைவாக அள்ளுங்கள் என்று நகராட்சியை நெருக்க ஆளும் குறைகிறது. அதனால் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தோம்: குளிப்பது மேற்கில், சாப்பிடுவதும் பழம் வாங்குவதும் முடிந்தவரை கிழக்கில். இருந்த நாள்களில் மலைச் சாலையை அதற்காகவே பலமுறை கடந்தோம். முகம் சுளித்த மகனும், சாலையோரக் கடையில் வாங்கிய மாம்பழத்துக்குப் பின் சுளிப்பை விட்டான்.

இப்போது கரீபியன் போகலாமா என்று வார்டில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. முடிந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கோடையில்தான் முடியும் என்றால் மேற்குக் கரையில் தங்குங்கள், கார் எடுங்கள், ஒரே கடற்கரைக்கு முன்பணம் கட்டாதீர்கள், கிளம்பும் வாரத்தில் அறிக்கையைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பாசி நாறும் கரையில் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாம். பளிச்சென்று புதிதாக ஒதுங்கிய பாசி பயப்படத் தக்கதல்ல. கறுத்துக் கூழானதுதான் ஆபத்து. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, கிழக்குப் பக்கத்துக்கும் ஒருநாள் போய் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

பயணம் முடிந்தும் அந்த மாத அறிக்கையைப் பார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. 2025 மே மாதக் கணக்கு 3.75 கோடி டன் என்று வந்தது; பழைய உச்சமெல்லாம் சின்னதாகிப்போனது. அன்றைக்கே கப்பெஸ்தேருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த வருஷம் ரொம்ப மோசமாக இருக்கும்போல் தெரிகிறது, ஜாக்கிரதை என்றேன். "உனக்கு அறிக்கை மாதக் கடைசியில்தான் வரும். எனக்கு மூக்கு இருக்கிறது, மகளே" என்றார் அம்மாள். புது டிவியைப் பின்னறைக்கு மாற்றியாயிற்றாம். வெள்ளிக் கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பூஜைக்குச் சிரட்டை எடுத்திருக்கிறாராம். எல்லாம் சொல்லிவிட்டு, "பிப்ரவரியில் வருகிறாயா? கடல் பக்கத்து அறையைத் திறந்து தருகிறேன், வாடகை கிடையாது" என்றார்.